டாக்டர் சுப்பாராவ் காட்டிய வழி

எங்கள் ஆய்வுக்கூடத்து அலமாரியில் பழுப்பு நிறச் சீசா ஒன்று இருக்கிறது. ஃபிஸ்கே, சுப்பாராவ் என்ற இரண்டு பெயர்கள் அதன் மேல் ஒட்டிய சீட்டில் எழுதப்பட்டிருக்கும். இரத்தத்திலோ தசையிலோ பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டுமானால் அந்தச் சீசாவைத்தான் எடுக்க வேண்டும். ஓராண்டுக் காலம் அதை நான் கையாண்டேன். பின்னே நிற்கும் பெயர் நம் நாட்டுப் பெயராயிற்றே என்று ஒரு நாளும் நின்று எண்ணிப் பார்த்தேனில்லை.

எண்ணிப் பார்க்க வைத்தது ஒரு வசவு. ஒரு நாள் பழைய கரைசலை அறியாமல் எடுத்துப் பயன்படுத்திவிட்டேன். நிறம் சரியாக வரவில்லை. அன்றைய வேலை முழுவதும் வீணாயிற்று. தவறு என்னுடையதே. ஆனால் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பத்துப் பேர் முன்னிலையில் என்னைக் கடிந்தபோது, கரைசலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் ஊரைப் பற்றிச் சொன்னார். நான் பேசும் ஆங்கிலத்தைப் பற்றிச் சொன்னார். இப்படிப்பட்டவர்களுக்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்டார்.

அன்றிரவு விடுதி அறையில் சாப்பிடாமல் படுத்திருந்தேன். மருத்துவக் கல்லூரியில் பயிலும் தமிழ் நண்பர் ஒருவர் வந்தார். என் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். தம் வார்டில் இது அன்றாட நிகழ்ச்சி என்றார். நோயாளியின் கட்டிலருகே, நோயாளி பார்த்துக்கொண்டிருக்க, மூத்த மருத்துவர் தாம் எழுதிய குறிப்பேட்டைத் தரையில் வீசியதையும், அதைத் தாம் குனிந்து பொறுக்கியதையும் சொன்னார். அடிபட்டால்தான் தொழில் வரும் என்று அங்கே எல்லோரும் நம்புகிறார்களாம். அவரும் பாதி நம்பிவிட்டார்.

இது உண்மைதானா என்ற கேள்வி என்னை விடவில்லை. விடை தேடிப் போன வழியில்தான் சீசாவின் மேலிருந்த இரண்டாவது பெயருக்குரியவரைச் சந்தித்தேன். மூத்தோரின் சிறுமையை அவரைப்போல் பட்டவர் சிலரே. ஆகவே அவர் வரலாற்றை நம் சங்க நண்பர்களுக்கு எழுதத் துணிந்தேன்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். ஆந்திரப் பகுதியைச் சேர்ந்த அவ்வூர் அன்று சென்னை ராஜதானிக்குள் இருந்தது. தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. குடும்பத்தில் வறுமை குடியிருந்தது. படிப்பில் பையனுக்கு நாட்டம் இல்லை. பதின்மூன்று வயதில் காசிக்குப் போய், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டே ஓடினான். பாதி வழியில் பிடித்து வரப்பட்டான். படித்தே தீர வேண்டும் என்று தாய் பிடிவாதமாக நின்றாள்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் சுப்பாராவ் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. இடையில் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட எண்ணினார். தாய் இசையவில்லை. துறவு இல்லாமலும் தொண்டு செய்யலாம், அதற்கு மருத்துவம் நல்ல வழி என்று மனம் தெளிந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தியும் உதவிய பணத்தில் படிப்பு நடந்தது.

அக்காலத்து மருத்துவக் கல்லூரியின் அமைப்பை இங்கே ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். பேராசிரியர் பதவிகளில் பெரும்பாலானவை இந்திய மருத்துவ சேவை என்ற இராணுவப் பிரிவைச் சேர்ந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் கையில் இருந்தன. அவர்களே பாடம் சொன்னார்கள். அவர்களே ஆஸ்பத்திரியை ஆண்டார்கள். அவர்களே பரீட்சை வைத்தார்கள். ஆசானும் அதிகாரியும் நீதிபதியும் ஒருவரே ஆகிவிட்ட இடத்தில், அவருடைய மனம் கோணினால் மாணவன் போய் முறையிடுவதற்கு வேறு வாசல் ஏது?

அந்த வேளையில் அந்நியத் துணியை விலக்குமாறு காந்தியடிகள் நாட்டை அழைத்தார். சுப்பாராவ் கதர் உடுத்தினார். அறுவைக் கூடத்துக்குள் அணியும் அங்கியையும் கதரிலேயே தைத்துக்கொண்டார். அறுவைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தார். ஆயினும் முழு மருத்துவப் பட்டமான எம்.பி.பி.எஸ். அவருக்குக் கிடைக்கவில்லை, அதற்குக் கீழ்ப்படியான எல்.எம்.எஸ். சான்றைத்தான் கொடுத்தார்கள். மேலே உள்ள ஒருவர் முகம் சுளித்ததற்கு விலை, ஓர் இளைஞனின் பட்டம்.

இதே இளமைக் காலத்தில் வேறோர் இடியும் விழுந்தது. ஸ்புரூ என்னும் கொடிய வயிற்றுப்போக்கு நோய்க்கு உடன்பிறந்தார் இருவர் அடுத்தடுத்துப் பலியாயினர். உணவு உடலில் ஒட்டாமல், இரத்தம் வெளிறி, மனிதன் நாளுக்கு நாள் உருகிப் போகும் நோய் அது. சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவத்தைத் தழுவிய டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி அவரைக் காப்பாற்றினார். நோயின் காரணத்தைக் கண்டே தீர வேண்டும் என்ற வேட்கை அவர் நெஞ்சில் ஊன்றியது இங்கேதான்.

சென்னை மருத்துவ சேவையில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். அரசாங்கக் கதவு சாத்தப்பட்ட அவருக்கு நாட்டு வைத்தியத்தின் திண்ணை இடம் தந்தது. ஆனால் அவர் தேடிய ஆராய்ச்சிக்கு அங்கே வசதி இல்லை. மனைவி சேஷகிரியை விட்டுப் பிரிந்து, மாமனாரின் பண உதவியுடன் கப்பலேறினார். 1922ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் இறங்கினார். சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று போனவர் திரும்பவே இல்லை.

பாஸ்டனில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் படித்தார். வயிற்றுப் பாட்டுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் இரவுப் பணியாளர் ஆனார். நோயாளிகளின் மலசலச் சட்டிகளை எடுத்துக் கழுவி வைப்பது வேலை. சென்னையில் வைத்தியர் என்ற பெயருடன் இருந்தவர், இங்கே ஆஸ்பத்திரியின் கடைசிப் படியில் நின்றார். பகலில் படிப்பு, இரவில் இந்த ஊழியம் என்று காலம் கழிந்தது.

பட்டயம் பெற்றபின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர் ரசாயனப் பகுதியில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பிறந்ததுதான் எங்கள் அலமாரிச் சீசா. பாஸ்பேட்டை மாலிப்டேட்டுடன் சேர்த்து, தக்க ஒரு பொருளால் ஒடுக்கினால் நீல நிறம் தோன்றும். பாஸ்பேட் மிகுந்தால் நீலம் அடர்ந்து வரும். குறைந்தால் வெளுத்து வரும். அந்த நீலத்தை அளந்தால் பாஸ்பரஸை அளந்ததாகும். 1925ஆம் ஆண்டு ஃபிஸ்கேயும் சுப்பாராவும் வெளியிட்ட இந்த முறை உலகத்து ஆய்வுக்கூடங்களிலெல்லாம் பரவியது. நூறு ஆண்டு சென்றும் நாங்கள் அதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

இம்முறையைத் தசைச் சாற்றில் செய்து பார்த்தபோது ஒரு விந்தை தெரிந்தது. நீலம் வரவேண்டிய நேரத்தில் முழுமையாக வரவில்லை. சிறிது சிறிதாக, தாமதித்து வந்தது. எங்களைப் போன்றவர்கள் கரைசல் கெட்டுவிட்டது என்று கொட்டியிருப்போம். அவர்கள் கொட்டவில்லை. ஏதோ ஒரு பொருளில் பிணைந்திருக்கும் பாஸ்பேட், அமிலத்தில் மெல்ல மெல்ல விடுபடுவதால்தான் நிறம் தாமதிக்கிறது என்று கண்டார்கள். அந்தப் பொருளே பாஸ்போகிரியேட்டின். தசையின் அவசரத் தேவைக்கு ஆற்றலைச் சேமித்து வைக்கும் பொருள் அது. 1927இல் அதை அறிவித்தார்கள். இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் அதே ஆண்டில் தனியே அதைக் கண்டிருந்தனர். 1929இல் அடினோசின் டிரைபாஸ்பேட், அதாவது உயிர்கள் அனைத்தும் ஆற்றலைச் செலவிடும் நாணயம் போன்ற ஏ.டி.பி., அவர்கள் கையில் அகப்பட்டது. ஜெர்மனியில் லோமனும் அவ்வாண்டிலேயே அதைக் கண்டார். 1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார்.

இவ்வளவு செய்தவருக்கு ஹார்வர்டில் நிலையான ஆசிரியர் பதவி கிடைத்ததா? இல்லை. ஆண்டுகள் ஓடின, சிறு பதவிகளிலேயே இருந்தார். அவர் கண்டவை சில வெளியாகவே இல்லை. அதே கூடத்தில் அக்காலத்தில் மாணவராயிருந்து பின்னர் 1988இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் இதைப் பற்றிப் பிற்காலத்தில் குறிப்பிட்டிருக்கிறார். சுப்பாராவ் பிரித்தெடுத்த நியூக்ளியோடைடுகள் சிலவற்றைப் பல ஆண்டுகளுக்குப் பின் வேறு சிலர் மறுபடியும் கண்டுபிடிக்க நேர்ந்ததாம். ஃபிஸ்கே பொறாமை கொண்டு அவற்றை வெளிவராமல் தடுத்ததே காரணம் என்று தோன்றுகிறதாம். சென்னையில் கதரைக் கண்டு பொறுக்காத பேராசிரியர் வேற்று நாட்டை ஆள வந்தவர். பாஸ்டனிலோ, ஒரே மேசையில் தோளோடு தோள் நின்று வேலை செய்தவரே மறைத்தார். இரண்டில் எது அதிகம் வலித்திருக்கும் என்பதை அவரவர் அனுபவம் சொல்லட்டும்.

1940ஆம் ஆண்டு சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு நீங்கி, நியூயார்க் மாநிலத்துப் பேர்ள் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். விரைவில் அங்கே ஆராய்ச்சித் துறையின் இயக்குநரானார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் மேலே இருந்தார். மற்றவர்கள் கீழே இருந்தார்கள். நண்பர்களே, இந்த இடத்தைத்தான் நான் ஆவலோடும் சிறிது அச்சத்தோடும் எதிர்பார்த்துப் படித்தேன். மாமியாரிடம் பட்ட மருமகள், தான் மாமியாரானதும் செய்வது என்ன என்பது நமக்குத் தெரியாததா?

முதலில் அவர் எடுத்துக்கொண்டது கல்லீரலில் மறைந்திருந்த ஒரு சத்து. இரத்தச் சோகையைத் தீர்க்கும் அந்தச் சத்தே ஃபோலிக் அமிலம். தம் உடன்பிறந்தாரைக் கொண்டுபோன ஸ்புரூ நோயின் இரத்தச் சோகைக்கும் அது மருந்தாயிற்று. அதைப் பிரித்து, அமைப்பைக் கண்டு, செயற்கையாக ஆக்கிக் காட்டிய வேலை 1945, 1946ஆம் ஆண்டுகளில் வெளியாயிற்று. 1946இல் வந்த கட்டுரையின் தலைப்பில் பதினாறு பெயர்கள் இருக்கின்றன. முதல் எட்டுப் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. இயக்குநர் சுப்பாராவின் பெயர் தன் எழுத்துக்குரிய இடத்தில், ஏழாவதாக, எல்லோருடனும் ஒன்றாக நிற்கிறது. அது முன்னே வரவும் இல்லை. பெரிய எழுத்தில் தனித்து நிற்கவும் இல்லை.

யானைக்கால் நோய்க்கு ஹெட்ரசான் என்னும் டைஎதில்கார்பமசின் மருந்தைக் கண்ட கட்டுரை 1947இல் வந்தது. அதில் அவர் பெயர் கடைசி. நம் தமிழ்நாட்டு ஊர்களில் வீடு வீடாக வந்து கொடுத்த யானைக்கால் நோய் மாத்திரையை விழுங்கியிருப்பீர்கள். அது அந்த மருந்துதான்.

பெஞ்சமின் டக்கர் என்ற தாவர விஞ்ஞானி எழுபது வயதாகிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். உலகம் ஒதுக்கி வைத்த அம்முதியவருக்கு லெடர்லே வேலை கொடுத்தது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை அலசி, நோய்க் கிருமிகளைக் கொல்லும் பொருளை அவர் தேடினார். டெட்ராசைக்கிளின் மருந்துகளில் முதலாவதான ஆரியோமைசின் அகப்பட்டது. 1948இல் அதை உலகுக்கு அறிவித்த டக்கரின் கட்டுரையில் டக்கரின் பெயர் மட்டுமே இருந்தது. ஆராய்ச்சி முழுவதையும் நடத்திய இயக்குநர் அதில் தம் பெயரை ஏற்றிக்கொள்ளவில்லை.

பாஸ்டனில் குழந்தை மருத்துவம் பார்த்த சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயால் மாய்ந்துகொண்டிருந்த குழந்தைகளுக்காக ஃபோலிக் அமிலத்துக்கு எதிரான மருந்தை நாடினார். சுப்பாராவின் கூடத்தினர் அமினோப்டெரினைச் செய்து அனுப்பினார்கள். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஃபார்பர் எழுதினார். அதுவரை அந்நோய்க்கு எந்த மருந்தும் எட்டிப் பார்த்ததில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

அடுத்த இரண்டு மாதங்களில் எல்லாம் முடிந்தது. 1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஓர் இரவில், உறக்கத்திலேயே, மாரடைப்பால் சுப்பாராவ் மறைந்தார். வயது ஐம்பத்து மூன்று. தாய்நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையவில்லை. 1922இல் விடைபெற்ற மனைவியை அவர் மீண்டும் பார்க்கவே இல்லை. பின்னர்க் காளான் இனம் ஒன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது. நூற்றாண்டு நிறைவின்போது, 1995இல், இந்திய அரசாங்கம் தபால் தலை வெளியிட்டது.

இனி என் மருத்துவ நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அடிபட்டதால்தான் சுப்பாராவ் பெரியவரானார் என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது என்பது என் முடிவு. பட்டம் பறிபோனதால் அவருக்கு ஒரு நன்மையும் விளையவில்லை. நம் நாட்டுக்கு ஓர் ஆராய்ச்சியாளன் இல்லாமற் போனான். நியூக்ளியோடைடுகள் மறைக்கப்பட்டதால் அவர் மனம் உரம் பெற்றிருக்கலாம், பெறாமலும் இருக்கலாம். விஞ்ஞானம் சில ஆண்டுகளை இழந்தது என்பது மட்டும் உறுதி. அவரை வளர்த்தவர்கள் வேறு. பிடிவாதமாகப் படிக்க அனுப்பிய தாய், பணம் கொடுத்த மாமனார், உயிரைக் காத்து வேலையும் தந்த லட்சுமிபதி ஆகியோரே அவரை வளர்த்தவர்கள். கண்டிப்புக்கும் அவமதிப்புக்கும் உள்ள வேற்றுமை இங்கே விளங்குகிறது. கண்டிப்பு பிழையைச் சுட்டுகிறது. அடுத்த முறை பிழை குறைகிறது. அவமதிப்பு ஆளைச் சுடுகிறது. அடுத்த முறை அவன் பிழையை மறைக்கிறான். மருத்துவ மாணவன் பிழையை மறைத்தால் அதைச் சுமப்பவர் கட்டிலில் கிடக்கும் நோயாளி.

சுப்பாராவின் பெருமை அவர் பட்டதில் இல்லை. பட்டதைத் தமக்குக் கீழே இருந்தவர்களுக்கு அவர் இறக்கிக் கொடுக்கவில்லை. தம் பெயரை மறைத்தவர்களைப்போல் அவர் மற்றவர் பெயரை மறைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது. சென்ற ஆடி மாதம் எங்கள் கூடத்துக்கு முதலாண்டு மாணவன் ஒருவன் வந்தான். இராமநாதபுரம் பக்கத்துப் பையன். அவன் ஒரு குழாயை உடைத்தபோது என் வாயிலிருந்து வந்த சொற்கள் எனக்கே பழக்கமானவையாக இருந்தன. ஊரைப் பற்றியும் ஆங்கிலத்தைப் பற்றியும் எனக்குச் சொல்லப்பட்ட அதே சொற்கள், இந்த முறை தமிழில். அவன் முகம் வாடியதைக் கண்ட பின்புதான் நான் யாருடைய குரலில் பேசினேன் என்று தெரிந்தது.

மறுநாள் அவனை அழைத்து வருத்தம் தெரிவித்தேன். பழுப்புச் சீசாவை எடுத்து, கரைசலை எப்படிப் புதிதாகத் தயாரிப்பது, ஏன் வெளிச்சம் படாமல் வைப்பது, எப்போது கொட்டிவிடுவது என்று உடனிருந்து செய்து காட்டினேன். எனக்கு இதை ஒருவர் முன்பே காட்டியிருந்தால் அன்றைய வேலை வீணாகியிராது. இப்போது சீட்டில் தயாரித்த தேதியையும் எழுதி வைக்கிறோம்.

நம் சங்கத்தில் மூத்தவர்களை அண்ணா என்றும் அக்கா என்றும் அழைக்கிறோம். வீட்டை விட்டு ஆயிரம் மைல் வந்தவர்களுக்கு அந்த அழைப்பு பெரிய ஆறுதல். அழைக்கப்படுகிறவர்களுக்கு அது ஒரு கடனும் ஆகும். இவ்வாண்டு புதிதாக வரும் மாணவர்களில், மருத்துவக் கல்லூரிக்குச் சேர்வோரையும் நம் சங்கத்தார் நேரில் கண்டு பேச வேண்டும். யாரிடமேனும் சிறுமைப்பட்டு அறையில் சாப்பிடாமல் படுத்திருந்தால் நம்மிடம் வந்து சொல்லலாம் என்று அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மேலிடத்தில் முறையிட வேண்டியதாயின் ஒருவராகப் போகாமல் சங்கமாகவே போக வேண்டும். 1921ஆம் ஆண்டையொட்டிச் சென்னையில் கதர் அங்கி அணிந்து தனியாக நின்ற அந்த மாணவனுக்குப் பக்கத்தில் நிற்க அன்று யாரும் இல்லை. நாம் இருக்கிறோம்.